நெயில் பாலிஷ் வைத்த நொப்

மரம் கருகுகிற வாசனை எங்கே வந்தாலும் எனக்கு டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயம்தான் ஞாபகம் வரும். கல்யாணமான புதுசு. வரிசை வீடுகளில் எங்கள் பங்கான ஒற்றை அறைக் காம்பராவுக்கு முன்னால் இருந்த இஸ்தோப்புத் திண்ணைதான் எங்கள் ‘தொழிற்சாலை’...

என் வீட்டுக்காரர் கொழும்பில் பெயர்ப்பலகை செய்கிற ஒரு போர்டு கடையில் வேலை பார்த்தவர். அங்கே கழித்துப் போட்ட, மரத்தில் எழுத்து வெட்டுகிற சின்ன மெஷினைப் புதுப்பெண்டாட்டியைவிடப் பத்திரமாக ஊருக்குக் கொண்டுவந்தார். மெஷின் வந்தது. அதன் வெட்டுக்கத்தியைச் சுழற்றுகிற ஸ்பின்டில் மோட்டாருக்கு ஸ்பீட் கன்ட்ரோலர் இல்லை.

ஹட்டன் டவுனில் ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று கிடைத்தது. ஓரத்தில் ஒரு நொப். திருகினால் மோட்டார் வேகம் கூடும், குறையும். அவ்வளவுதான் விஷயம்.

அவ்வளவுதான் என்று நினைத்தோம்!

முதலில் வீட்டுக்காரர் பிளஸ், மைனஸ் வயரை மாற்றிக் கொடுத்துவிட்டார். மோட்டார் எதிர்ப்பக்கமாகச் சுற்றி, மரத்தை வெட்டாமல் தேய்த்துக்கொண்டிருந்தது. நான் சிரித்துவிட்டேன். அன்றைக்கு முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

முதல் ஆர்டர் பக்கத்துக் காம்பரா லெட்சுமி அக்காவுடையது. தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர். லயத்துக்குக் கீழே புதிதாகக் கட்டிய தனி வீடுகளில் ஒன்று அவருக்குக் கிடைத்திருந்தது. ஊரில் எல்லாருக்கும் அவர் ‘ஐயாக்கண்ணு சம்சாரம்’. ஐயாக்கண்ணு மாமா இறந்த பிறகும் அப்படித்தான். புது வீட்டு வாசலிலாவது தன் பெயர் இருக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை.

மாமா கையால் செய்த அடுப்படிக் கதவிலிருந்து ஒரு பலகையைக் கழற்றிக் கொண்டுவந்தார்.

“இந்த நல்ல பக்கத்துல வெட்டுங்க தம்பி. அந்தப் பக்கம் பூரா அடுப்புக்கரி, அது செவுத்துப் பக்கம் போயிரட்டும். வேற பலக இல்ல, பாத்து...”

வீட்டுக்காரர் டவுன் வேலை முடிந்து வந்து, சாயங்காலத்தில்தான் கன்ட்ரோலரை செட் பண்ணினார். சத்தத்தைக் கேட்டுக் கேட்டு நொப்பைத் திருகினார். “ஆங்... இதுதான் சரியான ஸ்பீட்!” என்றார். லயத்துப் பிள்ளைகள் கை வைத்துவிடுமோ என்று நொப்பின் மேல் டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றிவிட்டார்.

அடுத்த நாள் லீவு போட்டார். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு முடிந்து எல்லாரும் கொழுந்து மலைக்குப் போனதும் மெஷினைப் போட்டோம்.

மோட்டார் வீறிட்டது. ‘லெ’யின் கொம்பிலேயே புகை! அவர் நொப்பைத் திருகப் பார்க்கிறார், டேப் விட்டால்தானே? நான் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன். அதற்குள் கொம்பு கருகி, குழியும் விழுந்துவிட்டது.

“மோட்டார் போச்சு புள்ள” என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அழுதுகொண்டே நிமிர்ந்தால், மேலே பல்ப் பளீரென்று எரிகிறது. ராத்திரியில் மஞ்சளாக, தூங்கி விழுகிற பல்ப் அது.

“என்னங்க, பல்பப் பாருங்க... நேத்து நீங்க செட் பண்ணப்ப லயமே வீட்ல இருந்துச்சு. ஊட்டுக்கு ஊடு டீவி, ரைஸ் குக்கர். இப்ப எல்லாரும் மலைக்குப் போயிட்டாங்க. கரண்டு பூரா நமக்குத்தான் வருது!”

அவர் பல்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு டேப்பைப் பிரிக்க ஆரம்பித்தார்.

மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை, காரணமும் கிடைத்தது. பலகை?

பகல் சாப்பாட்டுக்கு வந்த லெட்சுமி அக்கா, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் வந்து பார்த்தார். கருகின கொம்பை விரலால் தடவினார். பலகையைத் திருப்பிப் பார்த்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

“அந்தப் பக்கம் இருக்குல்ல? அதுல வெட்டுங்க.”

“அக்கா, அது பூரா கரி...”

“எங்க அடுப்புக்கரி தான? இருந்துட்டுப் போவுது.”

வேகத்தைக் குறைத்து, பக்கத்திலேயே நின்று வெட்டினோம். கன்னங்கரேலென்ற பலகையில் எழுத்துகள் வெளேரென்று எழும்பி வந்தன. நாங்கள் நினைத்தே பார்க்காத அழகு! அன்றைக்கே என் நெயில் பாலிஷால் நொப் பக்கத்தில் இரண்டு புள்ளி வைத்தேன். ஒன்று, லயம் வேலைக்குப் போயிருக்கும்போது. இன்னொன்று, லயம் வீட்டில் இருக்கும்போது.

புது வீட்டில் பால் காய்ச்சுகிற அன்று சொந்தக்காரர்கள் எல்லாரும் உள்ளே கூப்பிட்டுக்கொண்டிருக்க, லெட்சுமி அக்கா வாசலில் மாட்டிய பலகைக்கு முன்னாலேயே நின்றார். அவருக்கு வாசிப்பு சரளமாக வராது. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினார். “லெ... ட்... சு... மி...” முடித்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து.

இப்போது டவுனில் கடை வைத்திருக்கிறோம். புது மெஷின், ஸ்டெபிலைசர், வேகத்தை நம்பரில் காட்டும் ஸ்கிரீன். யார் வீட்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மோட்டார் ஒரே மாதிரி சுற்றுகிறது. கரி பூசின மாதிரி போர்டுகூடக் கேட்டு வாங்குகிறார்கள். வெட்டி முடித்து வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால், ஒரு கட்டைவிரல் வரும். சந்தோஷம்தான், குறை சொல்லவில்லை.

ஆனாலும் ஒவ்வொரு போர்டைக் கொடுக்கும்போதும் வாங்குகிறவர் முகத்தை ஒரு நிமிஷம் பார்க்கிறேன்... யாராவது தன் பெயரை எழுத்துக்கூட்டி வாசிக்கிறார்களா என்று.