உறியில் தொங்கிய பாட்டில்

பட்லர் வேலையில் கறி தீய்ந்தால் வேறு கறி வைக்கலாம். பழைய சிவப்பு ஒயின் கலங்கிவிட்டால் என்ன செய்வதென்று, என்னைப்போல் துரைமார் பங்களாக்களில் நிற்பவர்களே, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

முதல் பாட்டில்

தங்கவயலின் நந்திதுர்க் சுரங்கத்தில் என் துரைக்கு வேலை. காலமான அவருடைய அப்பா, மகன் பிறந்த வருஷத்து ஒயினில் இரண்டு பாட்டில்களை அவருக்கென்று வைத்துவிட்டுப் போயிருந்தார். கிறிஸ்துமஸ் விருந்தன்று துரை தாமே ஒன்றை எடுத்துத் திறந்து மளமளவென்று ஊற்றினார். பழைய ஒயினில் வண்டல் சேரும் என்பது அன்றுதான் எங்கள் இருவருக்கும் தெரிந்தது. வாயெல்லாம் நறநறத்தது. சுரங்கத்து ஆட்களிடம் தமிழ் கற்றவர் அவர். என்னைப் பார்த்துக் கேட்டார்: "இன்னா பட்லர், எங்கப்பா சேறா சேத்து வச்சாரு?"

தொட்டில்

மிஞ்சியது ஒன்று. சீமையிலிருந்து அவர் மனைவி, எங்கள் துரைசானி, வந்து இறங்கும் நாளில் அதைத் தெளிவாகக் குடித்துப் பார்க்க வேண்டும் என்றார் துரை. முந்தின நாளே பாட்டிலை மேஜைமேல் நிமிர்த்தி வைத்தேன். வண்டல் மெல்ல இறங்கியது. ஷிப்டு முடிவில் வழக்கம்போல் சுரங்கத்துக்குள் பாறைக்கு வெடி வைத்தார்கள், மேஜை அதிர்ந்தது, இறங்கிய வண்டல் புகைபோல் எழுந்தது.

தொங்கும் பொருளுக்கு என்ன ஆகும் என்று பார்க்கத் தோன்றியது. வெண்ணெய்ச் சட்டி வைக்கும் உறியைக் கழுவி, சாப்பாட்டு அறை உத்திரத்தில் கட்டி, பாட்டிலை அதில் நிறுத்தினேன். அடுத்த வெடிக்கு அலமாரி கிளாஸ்கள் கிணுகிணுத்தன. விளக்கைப் பின்னால் பிடித்துப் பார்த்தேன். வண்டல் அடியிலேயே கிடந்தது. சமையல்காரன் சூசை எட்டிப் பார்த்தான்: "தொட்டில் கட்டிட்டீங்க. தாலாட்டையும் நீங்களே பாடிடுங்கண்ணே."

வெடி நேரம்

துரைசானி வந்த மாரிகுப்பம் ரயில் தாமதமானதால் சாப்பாடு சரியாக வெடி நேரத்தில் வந்து விழுந்தது. சூப்பு வைத்தேன், பாட்டிலை உறியிலிருந்து இறக்கவில்லை. வெடித்தது. ஊருக்குப் புதிய துரைசானி பதறி எழுந்துவிட்டார். துரையின் கண் உத்திரத்தில் இருந்தது. துரைசானி இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னார்: "பயந்தது நான். நீங்கள் பாட்டிலைப் பார்க்கிறீர்கள்."

மெழுகுவத்தி

அதிர்வு அடங்கியபின் பாட்டிலைக் குலுக்காமல் இறக்கினேன். கார்க் பாதியில் உடைந்தது; மிச்சத்தைத் திருகித் திருகி எடுத்தேன். கழுத்துக்குப் பின்னால் மெழுகுவத்தியை வைத்துக்கொண்டு, சாய்த்ததை நிமிர்த்தாமல் கண்ணாடிக் கூஜாவில் ஊற்றினேன். வண்டல் கறுப்பாக ஒரு இழைபோல் கழுத்தை எட்டியதும் நிறுத்திவிட்டேன். துரை ஒரு வாய் குடித்தார். கிளாஸைக் கீழே வைக்காமல் வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு துரைசானியிடம் அல்ல, என்னிடம் சொன்னார்: "எங்கப்பா வச்சது இதான், பட்லர்."

பாட்டில் திறப்பது ஒரு நிமிட வேலை. அதுவரை தங்கவயலில் பூமி அசையாதபடி பார்த்துக்கொள்ளத்தான் நமக்குச் சம்பளம்.