அம்மாவை இழக்காமல் இஸ்லாத்துக்கு வந்தேன்

அம்மா வீட்டை விட்டுப் போய்ப் பதினோரு நாள் ஆகியிருந்தது. தாராவியில் எங்களுடையது ஒற்றை அறை வீடு. இருவருக்கு நெருக்கடியாக இருந்த அறை ஒருத்திக்குப் பெரிதாகிவிட்டது. அவள் விக்ரோலியில் அண்ணன் வீட்டில் இருந்தாள். போன் செய்தால் அண்ணிதான் எடுப்பாள். "அத்த தூங்குதாவ" என்பாள். பகல் பதினோரு மணிக்கும் அதே பதில்தான்.

நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு வருடமாகக் குர்ஆனின் தமிழ் மொழிபெயர்ப்பைப் படித்துக்கொண்டிருந்தேன். கனவு எதுவும் காணவில்லை. யாரும் அழைக்கவுமில்லை. படிக்கப் படிக்கக் கேள்விகள்தான் வந்தன. தமிழ்ச்செல்வி என்ற பெயரை மாற்ற வேண்டுமா? அரபி தெரியாதவளின் தொழுகை சேருமா? இதெல்லாம் தெரியாமல் இறந்துபோன அப்பாவின் நிலை என்ன? சாதியிலிருந்து ஓடத்தான் இங்கே வருகிறேனோ? எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: அம்மாவை விட்டுவிட வேண்டுமா?

அடுத்த சந்தில் தையல் பட்டறை நடத்தும் கடையநல்லூர் நூர்ஜஹான் அக்காவிடம் கேட்டேன். தெரிந்ததற்குப் பதில் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்றார். "அவசரப்படாத, செல்வி. மொதல்ல ஒங்கம்மாட்ட சொல்லு" என்றார்.

நான் சொல்லவில்லை. சென்ற ரமலானில் ரகசியமாக நோன்பு வைத்துப் பார்த்தேன். அம்மா கட்டித் தரும் சாப்பாட்டு டப்பாவை வாஷி அலுவலகத்தில் கூட வேலை செய்யும் பெண்ணுக்குக் கொடுத்தேன். நல்ல பெண். டப்பாவைக் கழுவித் துடைத்துத் திருப்பித் தந்தாள். நான் வாழ்நாளில் டப்பா கழுவி எடுத்து வந்தவள் இல்லை.

மூன்றாம் நாள் அம்மா மூடியை முகர்ந்து பார்த்தாள். "ஏட்டி, இத யாரு கழுவுனா?"

டப்பாவை அவள் கையிலிருந்து வாங்கப் போனேன்.

"எவன்ட்டி அவன்?"

"எவனும் இல்லம்மா. நோன்பு வச்சிருக்கேன். முஸ்லிமா ஆகலாம்னு..."

"அப்ப எவனோ பாய் வீட்டுப் பயதான்."

சிரித்துவிட்டேன். அது தப்பாகப் போயிற்று. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "ஏஞ்சோறு ஒனக்கு ஆகாமப் போச்சு, என்ன?" மறுநாள் காலை பையோடு கிளம்பிவிட்டாள்.

பதினோராம் நாள், ரயில் மான்குர்டு தாண்டிப் பாலத்தில் போய்க்கொண்டிருந்தது. பெண்கள் பெட்டியில் கையேந்தக்கூட இடமில்லை. நின்றபடியே தமிழில் கேட்டேன். "இறைவா, நீ உண்மை என்று மனது சொல்கிறது. உன்னையும் அம்மாவையும் எதிரெதிரே நிறுத்திவிடாதே. என்னால் தாங்க முடியாது."

அன்று மாலை வீட்டுக் கதவு திறந்திருந்தது. அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

பிறகுதான் தெரிந்தது. விக்ரோலியிலிருந்து நேராக நூர்ஜஹான் அக்காவின் பட்டறைக்குப் போய், என்னை மாற்றியது அவர்தான் என்று சண்டை போட்டிருக்கிறாள். அக்கா அவளை உட்காரவைத்து, "ஒங்க மக எங்கிட்ட கேட்டதுல பாதிக் கேள்வி ஒங்களப் பத்தித்தான். பெத்தவங்க எந்த மதமா இருந்தாலும் கைவிடக் கூடாதுன்னுதான் எங்க மார்க்கம் சொல்லுது" என்றாராம்.

"எத்தன மணிக்குத் திங்கணும்?" என்று அம்மா கேட்டாள்.

"இன்னும் பத்து நிமிசம்."

தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண்கள் ஆடிச் செவ்வாயில் ஒரு நோன்பு இருப்பார்கள். ஆண்கள் அதைப் பார்க்கக் கூடாது. கொழுக்கட்டையைக்கூட அவர்களுக்குத் தரமாட்டார்கள். மும்பைக்கு வந்தும் அம்மா அதை விட்டதில்லை.

"நோன்ப ஆம்பளைக்குத்தாம்ட்டி மறைக்கணும்" என்றாள். "பெத்தவளுக்கா மறைப்ப?"

பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. தண்ணீரை அவளே எடுத்துக் கொடுத்தாள்.

பெருநாளுக்குப் பிறகு, அம்மாவிடம் சொல்லிவிட்டு, அக்கா வீட்டில் ஷஹாதா, அதாவது இஸ்லாத்தை ஏற்கும் உறுதிமொழி, சொன்னேன். பெயரை மாற்றவில்லை, நல்ல பொருளுள்ள பெயர், இருக்கட்டும் என்றார்கள். அப்பாவைப் பற்றிய கேள்விக்கு இன்னும் பதில் தெரியாது. அவரைப் படைத்தவன் என்னைவிட இரக்கமுள்ளவன் என்று அவனிடமே விட்டிருக்கிறேன். அம்மா ஒரு மூலையில் விளக்கேற்றுகிறாள். மறு மூலையில் நான் தொழுகிறேன். அண்ணன் இன்னும் பேசுவதில்லை. அதையும் இறைவனிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கேள்விகளோடு நிற்கும் சகோதரிகளே, எல்லாம் தீர்ந்த பிறகு இறைவனிடம் பேசலாம் என்று காத்திருக்காதீர்கள். தெரிந்த மொழியில், நிற்கிற இடத்திலிருந்தே கேளுங்கள். வீட்டாரிடம் மறைக்காதீர்கள். நான் கேட்டதற்கு மேலேயே கிடைத்தது. நேற்று மாலை அஸர் தொழுகை நேரத்தில் சோம்பலாகப் படுத்திருந்தேன். "ஏட்டி, பாங்கு சொல்லி எம்புட்டு நேரமாச்சு? எந்திரி" என்று அம்மா அதட்டினாள். எழுந்து கைகால் முகம் கழுவி ஒளு செய்தேன். அந்தத் தொழுகை முழுவதும் நன்றியாகவே இருந்தது.