இரண்டுக்கு அப்புறம்தான் ஒன்று

அறிவியல் கண்காட்சிக்குத் தெர்மாகோலில் மாடல் செய்து தரும் வேலை, பார்க்கிறவர்களுக்கு விளையாட்டு. செய்கிறவர்களுக்குத் தலைவலி. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். இதை எழுதும்போதே எங்கேயாவது தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. பிள்ளையின் புராஜெக்டைத் தாங்களே உட்கார்ந்து செய்து, அதற்குத் திட்டும் தாங்களே வாங்கிய அப்பா அம்மாக்களுக்கு என் பாடு புரியும். டீச்சர்கள் யாராவது படித்தால் சிவப்புப் பேனாவைக் கொஞ்சம் மூடி வைத்துக்கொள்ளுங்கள்.

அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என் கடை. வருஷா வருஷம் ஒரு பள்ளிக்கூடம் தரும் ஆர்டர்தான் அதைத் தாங்குகிறது. அவர்கள் கேட்பது எப்போதும் ஒரே மாடல்: இலைக்குள் ஒளிச்சேர்க்கை. எனக்குச் சொல்லித் தந்தபடி சொல்கிறேன். இலைமேல் வெயில் பட்டதும் உள்ளே தண்ணீர் உடைகிறது. அதிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பி, கைக்குக் கை மாறிப் போகின்றன. வழியில் இரண்டு இடத்தில் வெயில் அவற்றை உந்திவிடுகிறது. அந்த இடங்களுக்கு ஒளி அமைப்பு ஒன்று, ஒளி அமைப்பு இரண்டு என்று பெயர். இந்த ஓட்டத்தில்தான் இலைக்கு வேண்டிய சக்தி கிடைக்கிறது. அவ்வளவுதான். இதற்கு மேல் கேட்காதீர்கள்.

புத்தகத்தைத் திருத்தினேன்

முதல் வருஷம், தாவரவியல் டீச்சர் பாடப்புத்தகத்தைக் கொடுத்து, படத்தைப் பார்த்து அப்படியே செய்யச் சொன்னார். பார்த்தால் எலக்ட்ரான் முதலில் போவது ஒளி அமைப்பு இரண்டுக்கு. அதன் பிறகுதான் ஒன்றுக்கு. அச்சடித்தவர் தூக்கக் கலக்கத்தில் போட்டிருப்பார், பாவம், பிள்ளைகளுக்கு மார்க் போய்விடுமே என்று நானே ஒன்றை முன்னால் வைத்து ஒட்டிவிட்டேன்.

டீச்சர் வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். ஒன்றை முதலில் கண்டுபிடித்ததால் அதற்கு அந்தப் பெயராம். ஆனால் வேலையில் முந்துவது இரண்டுதானாம். என் முகம் போன போக்கைப் பார்த்தும் அவர் விடவில்லை. "அக்கா, புஸ்தகம் போட்டவங்களுக்கே புத்தி சொல்ற முதல் கடை உங்களோடதுதான். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா ஆர்டரைப் பெரம்பலூர்ல கொடுத்துருவேன்."

பாதி வழியில் காணோம்

எலக்ட்ரானுக்குப் பாசிமணி வைத்தால் உருண்டு ஓடுகிறது. அதனால் அடுத்த வருஷம் சீரக மிட்டாயை வரிசையாக ஒட்டினேன். கலர் கலராக அழகாக இருந்தது. கண்காட்சியில் மாடல் முன்னால் நின்று விளக்கியவள் ஜெனிட்டா, எலாக்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வரும் பதினொன்றாம் வகுப்புப் பெண். நடுவர் தண்ணீர் உடையும் இடத்தில் விரலை வைத்து மெதுவாக நகர்த்திக்கொண்டே போனார். பாதிக்கு மேல் வெறும் பசைதான் இருந்தது. எலக்ட்ரான் எல்லாம் எங்கே என்று கேட்டார். பார்க்கப் போயிருந்த நான் கூட்டத்துக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். ஜெனிட்டா அசரவில்லை. "எறும்பு வாங்கிட்டுப் போயிருச்சு சார்."

வேகம் பத்தாதுங்க

இலை தயாரிக்கும் சக்திக்கு ஏ.டி.பி. என்று பெயர். அதைச் செய்ய உள்ளே சக்கரம் போல ஒன்று சுற்றுமாம். ஹைட்ரஜன் அதன் வழியாகப் புகுந்து வெளியேறுவதால் சுற்றுகிறதாம். மூன்றாம் வருஷம் பொம்மைக் காரின் மோட்டாரில் காகிதச் சக்கரம் மாட்டி, ஹைட்ரஜனுக்குக் குட்டித் தெர்மாகோல் உருண்டைகள் வைத்தேன்.

எடுத்துப் போக வந்தவர் ஒரு மாணவனின் அப்பா. ரெட்டிபாளையத்தில் சிமெண்டு ஆலை ஃபிட்டர். சக்கரத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். நான் வேண்டாம் வேண்டாம் என்று கத்துவதற்குள், வண்டியிலிருந்து பெரிய பேட்டரியைக் கொண்டுவந்து இணைத்துவிட்டார். சக்கரம் ஊளையிட்டது. ஹைட்ரஜன் எல்லாம் சுவரில் போய் அடித்தது. ஒன்று பக்கத்து டீக்கடைப் பாலில் விழுந்தது. இலையின் கூரை பிய்ந்து தொங்கியது. அவர் இடுப்பில் கை வைத்து நின்று, ரொம்பத் திருப்தியாகச் சொன்னார். "உற்பத்தி நல்லா வருதுங்க. பில்டிங்குதான் தாங்கல."

வெயில் அணைந்த பிறகு

அதையே ஒட்டுப்போட்டுக் கண்காட்சிக்கு அனுப்பினேன். சூரியனுக்கு ஒரு பல்பு, அது கரண்டில் எரியும். சக்கரம் பழையபடி சின்ன பேட்டரியில். நடுவர் வந்து நின்ற நேரம் பார்த்துக் கரண்டு போனது. சூரியன் அணைந்துவிட்டது; சக்கரம் மட்டும் ஜம்மென்று சுற்றிக்கொண்டே இருந்தது. வெயிலே இல்லாமல் எப்படியம்மா ஓடுகிறது என்று கேட்டார். அந்த வருஷமும் ஜெனிட்டாதான். "மரத்துக்குள்ள இன்வெர்ட்டர் வச்சிருக்கோம் சார்."

ஹெட்மாஸ்டர் எண்ணிப் பார்த்தார்

இந்த வருஷம் எல்லாம் சரியாகச் செய்திருந்தேன். இரண்டு முன்னால், ஒன்று பின்னால். கண்காட்சிக்குக் கிளம்ப வேன் கடை வாசலில் நின்றது. அப்போது புதிய ஹெட்மாஸ்டர் உள்ளே வந்தார். கணக்கு வாத்தியார். மாடலைப் பார்த்தார். "ஏம்மா, ஒன்னு ரெண்டு எண்ணத் தெரியாதா? மாத்தி ஒட்டுங்க."

ஆர்டரில் கையெழுத்துப் போடுகிறவர் அவர். மாற்றாவிட்டால் இவரால் ஆர்டர் போகும். மாற்றினால் டீச்சரால் போகும். டீச்சருக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. "சார், இலைக்குள்ள அப்படித்தானாம்" என்று முனகிப் பார்த்தேன். அவர் பார்த்த பார்வையில் கை தானாகப் பிய்த்து ஒட்டிவிட்டது. அவர் தலை தெருமுனையில் மறைந்ததும் ஆட்டோவில் டீச்சர் வந்து இறங்கினார். மறுபடியும் பிய்த்தேன். இந்தத் தடவை தெர்மாகோலும் கூடவே வந்துவிட்டது. ஓட்டையில் பச்சைக் காகிதத்தைத் திணித்து ஒட்டும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. டீச்சர் என் தோளைத் தட்டினார். "அக்கா, ஆர்டர் எங்கயும் போகாது, சாரை நான் சமாளிச்சுக்கறேன். நீங்க மட்டும் தயவுசெஞ்சு யோசிக்காதீங்க."

இலை எந்த வரிசையில் வேலை செய்தாலும் இப்போது எனக்குச் சம்மதம்தான். அடுத்த வருஷத்திலிருந்து ஒன்று, இரண்டு என்ற அட்டைகளை ஒட்டாமல் இரண்டு குண்டூசியோடு கவரில் போட்டு, "குத்துவது பள்ளியின் பொறுப்பு" என்று எழுதி, டீச்சரிடமும் ஹெட்மாஸ்டரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் மாடலைக் கடைக்கு வெளியே விடுவேன்.