ஹாரன் மேடத்தின் கழுத்து

அந்த வட்டாரத்தில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப்பேர் ஹாரன் மேடத்திடம் திட்டு வாங்கித்தான் ஓட்டக் கற்றவர்கள். மீதிப் பாதிப்பேர் திட்டுத் தாங்காமல் வேறு பள்ளிக்கு ஓடிப்போய்க் கற்றவர்கள். பெற்றோர் அவருக்கு ஆசையாக வைத்த பெயர் வேறு. பயிற்சிக் காரில் ஹாரன் பழுதாகி ஆறு மாதமாகியும் யாரும் அதைக் கவனிக்கவே இல்லை என்பது தெரியவந்த நாளில் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அந்தக் காருக்கு ஹாரன் எதற்கு?

முதலில் அவர் அந்தப் பள்ளியில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிற வேலையில்தான் இருந்தார். ஒருநாள் பயிற்றுநர் வராமல் போக, காத்திருந்து காத்திருந்து கண் கலங்கிவிட்ட ஒரு பெண்ணை, "வாம்மா, நான் வர்றேன்" என்று அழைத்துக்கொண்டு போனார். அப்படி இடப்பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவர் இருபத்திரண்டு வருடமாக எழுந்திருக்கவில்லை. இன்று பள்ளியே அவருடையது. மூன்று கார், ஓர் அறை, சுவரில் சாலைக் குறியீடுகளின் படம்.

ஆரம்பத்தில் அவரும் சாதாரணக் குரலில்தான் பேசிக்கொண்டிருந்தார். முதல் வருடம் ஒரு மாணவர், செய்தித்தாள் போடும் பெரியவரின் சைக்கிள் மேல் காரை ஏற்றப் பார்த்தார். நூலிழையில் தப்பியது. மேடம் போட்ட சத்தத்தில்தான் மாணவருக்கே பிரேக் எது என்று ஞாபகம் வந்தது. அன்று ஏறிய குரல் பிறகு இறங்கவே இல்லை. கேட்கிறவர்கள் அதைக் கோபம் என்று நினைத்தார்கள். உண்மையில் அது பயம். ஆனால் பயத்தையும் கோபத்தையும் பிரித்துப் பார்க்கிற நிலையில் ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவர் இருப்பதில்லையே!

போன வருடம் போக்குவரத்து அலுவலகத்துக்கு அவரைப் பற்றி இரண்டு புகார்கள் போயின. ஒன்றை எழுதியவர் ஒரு பல் மருத்துவர். நாள் முழுக்க நாற்காலியில் ஆட்கள் அலறுவதைக் கேட்டுப் பழகிய மனிதருக்கே பொறுக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பயிற்றுநர் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு ஒரு தேர்வு உண்டு. அதிகாரி மாணவர் மாதிரி ஸ்டீயரிங்கைப் பிடித்து வேண்டுமென்றே தப்புத் தப்பாக ஓட்டுவார். பயிற்றுநர் பக்கத்தில் இருந்து திருத்த வேண்டும். இந்தத் தடவை சத்தம் போட்டதாகக் குறிப்பு விழுந்தால் உரிமம் போய்விடும் என்று கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள். உரிமம் போனால் பள்ளியை மூட வேண்டியதுதான்.

தேர்வு பதினோரு மணிக்கு. அன்று காலை ஆறு மணிக்குக் கண் விழித்த மேடம், அலாரத்தை அணைக்க வலப்பக்கம் திரும்பினார். திரும்ப நினைத்தார் என்று சொல்ல வேண்டும். கழுத்து வரவில்லை. யாரோ உள்ளே ஆணி அடித்து வைத்த மாதிரி நின்றுவிட்டது. இருபத்திரண்டு வருடமாக ஓட்டுகிறவரைப் பார்க்க எந்தப் பக்கம் திரும்பினாரோ, அந்தப் பக்கம்தான் போயிருந்தது.

"என்னங்க!" என்று கத்தினார். கத்திய வேகத்தில் கழுத்திலிருந்து தோள் வரை சுரீரென்று ஒரு இழு இழுத்தது. இரண்டாவது "என்னங்க" பாதியில் நின்றுபோய் முனகலாக வெளியே வந்தது.

கணவர் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர், எதற்கும் பதறாதவர். வெந்நீர்ப் பையை வைத்துப் பார்த்தார். தைலம் தேய்த்துப் பார்த்தார். பிறகு, "முடி வெட்டற கடைக்காரரைக் கூப்பிடட்டுமா? தலையைப் பிடிச்சு டக்குன்னு ஒரு திருப்புத் திருப்புவார், சரியாயிடும்" என்றார்.

"அந்த ஆளு என் கழுத்துல கை வெச்சா நான் உங்க கழுத்துல கை வெப்பேன்."

"அப்ப என் தங்கச்சியைக் கூப்பிடறேன்."

மேடம் பேசவில்லை. பேசாமல் இருந்தார் என்பதே அவர் எந்த நிலையில் இருந்தார் என்பதற்குச் சாட்சி.

கணவரின் தங்கை ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். மாலை வேளைகளில் போய் ஆறு மாதம் அக்குபிரஷர் படித்து, சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தாள். வீட்டு விசேஷம் என்று நாலு பேர் கூடினால் ஒருவருக்குக் கையை அமுக்கிக்கொண்டிருப்பாள், இன்னொருவருக்குக் காலை. மேடத்துக்கு அதைப் பார்த்தாலே சிரிப்பு வரும். "காலிங் பெல்லை அமுக்கினாலாவது கதவு திறக்கும்" என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார். சொன்னது நாத்தனார் காதிலும் விழுந்திருக்கிறது. இன்று அந்தக் கையைத்தான் நம்ப வேண்டும் என்று நினைத்தபோது மேடத்துக்குக் கழுத்தைவிட மனசுதான் அதிகம் குடைந்தது.

நாத்தனார் ஏழரைக்கு வந்தாள். பழசையெல்லாம் குத்திக்காட்டுவாள் என்று எதிர்பார்த்த மேடத்துக்கு ஏமாற்றம். வந்தவள் சமையலறை மேசை முன்னால் மேடத்தை உட்கார வைத்து, ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு வலப்பக்கம் உட்கார்ந்தாள்.

"கை மரத்துப்போகுதா அண்ணி? விரல்ல ஊசி குத்தற மாதிரி இருக்கா?"

"இல்ல."

"ஜுரம்? எங்கயாவது விழுந்தீங்களா, இடிச்சுக்கிட்டீங்களா?"

"தூங்கி எழுந்தேன்மா. அவ்வளவுதான் நான் செஞ்ச குத்தம்."

"அப்ப சரி. இதுல ஒண்ணு இருந்திருந்தாலும் நான் தொட மாட்டேன், நேரா ஆஸ்பத்திரிதான். இது சதை பிடிச்சுக்கிட்டது. ரெண்டு மூணு நாள்ல தானாவே விட்டுடும்."

"எனக்கு ரெண்டு மூணு மணி நேரம்தான் இருக்கு."

"தெரியும். அண்ணன் சொன்னாங்க. முழுசா விடும்னு நான் சொல்ல மாட்டேன். கொஞ்சம் தளர்த்திப் பார்க்கலாம்."

மேடத்தின் புறங்கையைத் திருப்பிவைத்து, சுட்டுவிரல் முட்டிக்கும் நடுவிரல் முட்டிக்கும் இடையில் கொஞ்சம் கீழே இறங்கித் தடவினாள். ஓரிடத்தில் நின்றது கட்டைவிரல். அமுக்கினாள்.

"ஐயோ!" என்று மேடம் அலறினார். அலறல் கழுத்தைப் பிடித்து இழுத்தது. கை ஒரு பக்கம், கழுத்து ஒரு பக்கம் என்று இரட்டை வலி.

"கத்தாதீங்க அண்ணி. கத்தினா கழுத்து இன்னும் இறுகும். வலப்பக்கம் மெதுவாத் திரும்புங்க."

மேடம் வெடுக்கென்று திரும்பினார். சுரீர்.

"மெதுவா."

"மெதுவாத்தானே திரும்பறேன்!"

"இது மெதுவா இல்ல அண்ணி. வலி வர்ற இடத்துக்குப் போகவே வேணாம். அதுக்குக் கொஞ்சம் முன்னாடியே நில்லுங்க. மூச்சு விடுங்க. நின்னதுல தப்பு ஒண்ணும் இல்ல. இன்னும் கொஞ்சம் போலாமான்னு பாருங்க. போலாம்னா போங்க."

மேடத்தைப் போல மோசமான மாணவி அந்த நாத்தனாருக்கு அதுவரை கிடைத்திருக்க மாட்டாள். நில் என்றால் போனார். போ என்றால் பயந்து நின்றார். மூச்சு விடு என்றால் மூச்சைப் பிடித்துக்கொண்டார். நாத்தனார் அலட்டிக்கொள்ளவே இல்லை. ஒரே குரலில், சலிக்காமல், முதல் தடவை சொல்வது போலவே ஒவ்வொரு தடவையும் சொன்னாள். ஆரம்பத்தில் மேடத்தின் பார்வை சுவரிலிருந்த நாட்காட்டியோடு நின்றது. கொஞ்ச நேரத்தில் குளிர்சாதனப் பெட்டியின் ஓரம் வரை வந்தது. பிறகு பிடரியில், மண்டை ஓடு முடியும் இடத்தில் இருபுறமும் உள்ள குழிவுகளில் இரண்டு கட்டைவிரல்களையும் வைத்து, எலுமிச்சம்பழம் பழுத்திருக்கிறதா என்று பார்க்கிற அளவுக்கு அமுக்கினாள். மறுபடி கை. மறுபடி திரும்புதல். பெட்டியின் கைப்பிடி தெரிந்தது. அதற்கு அந்தப் பக்கம் ஜன்னல் திரையின் ஓரமும் லேசாகத் தெரிந்தது.

இந்த இடத்தில் பதினோரு வருடத்துக்கு முந்தைய ஒரு கதையைச் சொல்லியாக வேண்டும். நாத்தனாருக்கும் மேடம்தான் கார் கற்றுக்கொடுத்தார். எட்டாவது நாள், பெரிய நாற்சந்தியில் திரும்பும்போது வண்டி மூன்று தடவை அணைந்துபோனது. பின்னால் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. மேடம் கத்தின கத்தலில் போக்குவரத்துக் காவலர்கூட ஒரு நிமிடம் பயந்துவிட்டார். நாத்தனார் கைபிரேக்கைப் போட்டாள், கதவைத் திறந்தாள், இறங்கி நடந்து போய் பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டாள். அதோடு சரி, மறுபடி ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. இதை மேடம் கூட்டம் கூடும் இடத்திலெல்லாம் நடித்துக் காட்டுவார். கைபிரேக் போடும் "கர்ர்ரக்" சத்தத்தைக்கூட விட மாட்டார். எல்லாரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள்.

கையை அமுக்கிக்கொண்டே நாத்தனார் திடீரென்று சொன்னாள்.

"அன்னிக்கு எனக்கும் இப்படித்தான் அண்ணி இருந்துச்சு. வலப்பக்கம் பாரு, வலப்பக்கம் பாருன்னு நீங்க சொல்லிக்கிட்டே இருந்தீங்க. எனக்கும் பார்க்கணும்னுதான் இருந்துச்சு. கழுத்து திரும்பல."

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. ஜுரம் இருக்கிறதா என்று கேட்ட அதே குரல். மேடத்துக்கு அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. அவள் உட்கார்ந்திருந்ததோ ஜன்னல் திரையையும் தாண்டித் திரும்ப வேண்டிய இடத்தில். அவ்வளவு தூரம் கழுத்து வரவில்லை. வெட்கமாக இருந்தது. எத்தனை தடவை அந்த "கர்ர்ரக்" சத்தத்தைப் போட்டிருக்கிறோம் என்று எண்ணிப் பார்க்கத் தொடங்கி, பயந்து நிறுத்திக்கொண்டார்.

"போதும் அண்ணி. இதுக்கு மேல அமுக்கினா நாளைக்குக் கை வீங்கிடும்" என்று எழுந்தாள் நாத்தனார். "இன்னும் கொஞ்சம் பிடிப்பு இருக்கு. அதை எடுக்க எனக்குத் தெரியாது."

கணவர்தான் காரை ஓட்டிக்கொண்டு போனார். கல்யாணமானதிலிருந்து மனைவி பக்கத்தில் இருந்து ஒரு திட்டும் இல்லாமல் அவர் ஓட்டியது அன்றுதான். அனுபவித்து, சுற்றுவழியில் ஓட்டினார்.

அதிகாரி ஒல்லியானவர், மூக்குக்கண்ணாடி போட்டவர். கோப்பில் மேலாக இருந்தவை அந்த இரண்டு புகார்கள்தான். காரில் ஏறியதும் பெல்ட் போடாமல் வண்டியைக் கிளப்பினார். மேடம் வழக்கம்போல் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். கழுத்தில் மிச்சமிருந்த பிடிப்பு சுருக்கென்று கிள்ளியது. கத்தல் தொண்டைக்குள்ளேயே அடங்கிப்போனது. "முதல்ல பெல்ட் போட்டுக்கலாமா சார்?" என்று வெளியே வந்த குரல் யாருடையது என்று அவருக்கே ஒரு கணம் புரியவில்லை.

அதிகாரி கோட்டைத் தாண்டினார். கண்ணாடியைப் பார்க்காமல் தடம் மாறினார். வேகத்தடையில் துள்ளவிட்டார். ஒவ்வொரு தடவையும் மேடம் மூச்சை இழுத்தார், ஒவ்வொரு தடவையும் கழுத்து கிள்ளியது. கால் மட்டும் தன் பாட்டுக்கு, பயிற்றுநர் பக்கத்திலும் வைத்திருக்கிற பிரேக்கை மிதித்து வேலையைப் பார்த்துக்கொண்டது. கடைசியில் நாற்சந்தி வந்தது. வண்டியை அணையவிட்டார். கிளப்பினார், மறுபடி அணைந்தது. பின்னால் ஒரு லாரி ஹாரனில் கையை வைத்து எடுக்கவே இல்லை. மூன்றாவது தடவையும் அணைந்தது.

மேடம் மெதுவாக, வலிக்கு முன்னால் நின்று நின்று, திரும்பினார். முதலில் அதிகாரியின் கைகள் தெரிந்தன. ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்து விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. இன்னும் கொஞ்சம் திரும்பியதும் முகம் தெரிந்தது. நெற்றியில் வியர்வை. இருபத்திரண்டு வருடத்தில் ஆயிரம் முகங்களை அந்த இருக்கையில் பார்த்தாகிவிட்டது. கத்திக்கொண்டே பார்த்ததில் ஒரு முகத்தைக்கூட இப்படிப் பார்த்ததில்லை என்று மேடத்துக்கு அப்போது தோன்றியது.

"அவன் அடிக்கட்டும் சார், நமக்கு என்ன. நின்னதுல தப்பு ஒண்ணும் இல்ல. மூச்சு விடுங்க. ம். இப்ப கிளட்ச். இன்னும் கொஞ்சம் போலாமான்னு பாருங்க. போலாம்னா போங்க."

வண்டி போனது.

அலுவலக வாசலில் நிறுத்திய பிறகு அதிகாரி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "முதல் ரெண்டு தடவை வேணும்னேதாம்மா அணைச்சேன். மூணாவது நிஜமாவே நின்னுபோச்சு. அந்த லாரிக்காரன் என்னைப் பதற அடிச்சிட்டான்" என்று சொல்லிவிட்டு, முழங்காலில் வைத்தே படிவத்தில் கையெழுத்துப் போட்டார். ஐந்து வருடத்துக்குக் கவலை இல்லை. மேடத்துக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதைத் துடைக்கக் குனியவும் முடியவில்லை.

அதிகாரி புகார்களை ஒரு தடவை பார்த்தார், மேடத்தை ஒரு தடவை பார்த்தார்.

"இவ்வளவு பொறுமையாச் சொல்லித்தர எங்கம்மா கத்துக்கிட்டீங்க?"

இருபத்திரண்டு வருட அனுபவம் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது.

"என் நாத்தனார்கிட்ட சார்."

"அப்படியா? அவங்க எந்த டிரைவிங் ஸ்கூல்?"

"அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது சார்" என்றார் மேடம். "நான்தான் கத்துக்கொடுத்தேன்."