கிளிக்கு இடம் பார்த்த கதை

ஒரு கிளியைக் குடிவைப்பதற்காகக் கோப்பு திறந்தவன் இந்த டெல்லியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். மத்திய அரசில் இருபத்தெட்டு வருஷம் செக்‌ஷனில் உட்கார்ந்து எழுந்தவனுக்கு எந்தப் பிரச்சினையையும் வேறு விதமாக அணுகத் தெரியாது.

கிளி என்னுடையது இல்லை, அக்காவுடையது. அக்கா மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். கல்யாணமே வேண்டாம் என்றுவிட்டு முனிர்காவில் ஒரு மூன்றாம் மாடி அறையில் இருபது வருஷம் தனியாக இருந்தாள். பக்கத்து அறையில் தங்கியிருந்த ஆராய்ச்சி மாணவி வேலை கிடைத்து வெளிநாடு போனபோது, தான் வளர்த்த ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியை அக்காவிடம் விட்டுப் போனாள். நம்மூர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைத்தால் கேஸாகிவிடும். இது வெளிநாட்டு வகை, பதிவுச் சான்றிதழ் எல்லாம் பக்காவாக இருந்தது. அதை நான் இரண்டு தடவை படித்துப் பார்த்தேன்.

போன குளிர்காலத்தில் அக்கா அந்த மாடிப்படியில் வழுக்கி விழுந்தாள். மற்ற அறைக்காரர்கள் எல்லாரும் வேலைக்குப் போயிருந்த நேரம். இரண்டு மணி நேரம் படி திரும்புகிற இடத்திலேயே கிடந்திருக்கிறாள். விஷயம் தெரிந்து நான் ஓடிப்போய்க் கத்தின கத்தலில் முனிர்காவே கூடிவிட்டது. அவளையும் கூண்டையும் அன்றைக்கே ஆட்டோவில் ஏற்றி எங்கள் கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸுக்குக் கொண்டுவந்தேன். ஆனால் அறையை மட்டும் காலி செய்ய மாட்டேன் என்றுவிட்டாள்.

"ராசா இங்க ஒட்டிக்கிட்டாம்னா இருக்கேன். இல்லன்னா என் ரூமுக்கே போயிருவேம்ல" என்றாள். ராசா என்பது கிளி.

வெளிச்சமே இல்லாத படி, இரண்டு முட்டியும் போன அக்கா. அடுத்த தடவை இரண்டு மணி நேரத்தில் யாராவது வருவார்கள் என்பது என்ன நிச்சயம்? ஆகவே அந்தச் சனியன் பிடித்த கிளி எங்கள் வீட்டில் ஒட்டியாக வேண்டும், வேறு வழியே இல்லை.

அது ஒட்டவில்லை. வந்த இரண்டாம் நாளே தன் மார்பு இறகுகளைத் தானே பிய்த்துப் போட ஆரம்பித்தது. ஒரே வாரத்தில் கறிக்கடையில் உரித்துத் தொங்கவிட்ட கோழி மாதிரி ஆகிவிட்டது. அந்தக் கோலத்தில் இருந்துகொண்டு, வருகிறவர் போகிறவரை எல்லாம் அக்காவின் குரலிலேயே "ஸ்டெப் எங்க?" என்று அதட்டும். வழிமுறை எழுதாமல் விடையை மட்டும் எழுதிவைக்கும், தன் அறைக்கு வந்த டியூஷன் பிள்ளைகளை அக்கா கேட்ட கேள்வி அது. ஆபீசிலிருந்து களைத்து வந்து செருப்பைக் கழற்றுகிறவனைப் பார்த்து ஒரு பறவை இப்படிக் கேட்டால் எப்படி இருக்கும், சொல்லுங்கள்.

பறவை டாக்டர் ஒருவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் கிளியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். உடம்பில் நோய் எதுவும் இல்லை, வீட்டில் தனக்கென்று ஓர் இடம் இல்லாத ஏக்கம்தான் என்றார். ஒரு பக்கமாவது சுவர் இருக்க வேண்டும், கூண்டு ஆளின் கண் உயரத்தில் இருக்க வேண்டும், காலை வெயில் வேண்டும், காற்று நேராக அடிக்கக் கூடாது, அடுக்களைப் புகை கூடாது, வீட்டு மனிதர்கள் கண்ணில் பட வேண்டும், ஆனால் குறுக்கே நடக்கக் கூடாது, ராத்திரி பன்னிரண்டு மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும். இவ்வளவு வசதியோடு ஒரு குவார்ட்டர்ஸ் எனக்கே இன்னும் கிடைக்கவில்லை.

அன்று சாயங்காலமே கோப்பைத் திறந்தேன். பொருள்: கிளிக்கு நிரந்தர இடம் வழங்குதல். டாக்டர் சொன்னதை முதல் பக்கத்தில் எழுதினேன். டேப் வைத்து வீட்டின் ஒவ்வொரு சுவரையும் அளந்து வரைபடம் போட்டேன். மனைவியின் கருத்துக்காகக் கோப்பை அடுக்களைக்கு அனுப்பினேன். அவள் அதன்மேல் சாம்பார்ச் சட்டியை இறக்கி வைத்தாள். புனேயில் படிக்கும் மகளுக்கு ஒரு பிரதி வாட்ஸாப்பில் போயிற்று. அவள் கட்டைவிரல் அனுப்பினாள்.

முதலில் பால்கனி. புதுக் கூண்டு வாங்கினோம், இரண்டடி உயரம். காலனி வேப்பமரத்தில் கிளை ஒடித்து, கழுவிக் காயவைத்து, தடிமனாக ஒன்று மெலிதாக ஒன்று என்று உட்காரக் கட்டைகள் பொருத்தினேன். புறா வலைக்கு அந்தப் பக்கம் பதினைந்து புறாக்கள் வரிசையாக உட்கார்ந்து, சர்க்கஸ் பார்ப்பதுபோல் கிளியைப் பார்த்தன. மூன்றே நாளில் அது புறா மாதிரி முனகக் கற்றுக்கொண்டு இன்னும் நான்கு இறகைப் பிய்த்தது.

அடுத்து எங்கள் படுக்கையறை. அங்கே அது என் குறட்டையைக் கற்றுக்கொண்டது. ஒரு சனிக்கிழமை எங்கள் மேலதிகாரி போனில் ஏதோ அவசரமாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போது என் முதுகுக்குப் பின்னால் நீளமாக ஒரு குறட்டை விட்டது. அவர் பேச்சை நிறுத்தி, உடம்பு முடியவில்லை என்றால் லீவு போடலாமே என்று இந்தியில் மிக மரியாதையாகச் சொன்னார். கிளி என்று விளக்கினேன். அவர் நம்பவில்லை.

பிறகு ஹால் ஜன்னல் பக்கம். அங்கேதான் அக்கா படுக்கும் திவான் கட்டில் கிடந்தது. தூக்கத்தில் அவள் புரண்டால் கிளிக்குத் திடுக்கிடுகிறது என்று திவானைச் சாப்பாட்டு மேஜைக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில் இழுத்துப் போட்டேன். அக்கா சரி என்றாள். ஜன்னல் காற்று நேராக அடிக்கிறது என்று பிறகு தெரிந்தது. அதற்குள் திவான் போன இடத்தில் செருப்பு ஸ்டாண்டு வந்துவிட்டதால், திவான் ஃபிரிட்ஜ் பக்கமே தங்கிவிட்டது.

கடைசியில் வரைபடத்தை விரித்துவைத்துப் பார்த்தபோது டாக்டரின் அத்தனை நிபந்தனைக்கும் பொருந்துகிற இடம் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஹாலின் கிழக்கு மூலை. இரண்டு பக்கம் சுவர், காலை வெயில், யாரும் குறுக்கே நடக்காத இடம், கண் உயரத்தில் கல் பலகை. அங்கே எங்கள் சாமி படங்கள் இருந்தன.

மனைவியிடம் சொல்வதற்கு எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

"சாமியத் தூக்கிட்டுக் கிளிய வைக்கணும், அதான?" என்றாள். "உங்களுக்கு மண்டைல ஏதும் தட்டிருச்சா?"

"அக்கா திரும்ப அந்தப் படியில ஏறணுமா? நீயே சொல்லு."

அவள் காலண்டரைத் திருப்பி நல்ல நேரம் பார்த்தாள். சாமிகள் மகளின் அறைக்கு, அவள் படிக்கும் மேஜைக்குக் குடிபோயின. மகள் வருஷத்துக்கு இரண்டு முறை வருவாள். மற்ற நாளெல்லாம் அந்த அறை துடைத்து, விரித்து, சாத்தியே இருக்கும். வீடியோ காலில் காட்டினோம். "அப்பா, மேரா டேபிள்! அச்சா, ஓகே, ஆனா டிராயர் மட்டும் தொறக்காதீங்க, ப்ளீஸ்" என்றாள்.

கிழக்கு மூலையில் கூண்டு ஏறியது. பின்னால் பாதி மறைப்பாக ஒரு பழைய பட்டுத்துணி, உள்ளே கொறிக்க மரத்துண்டு, தொங்கவிட்ட மணி. உண்மையைச் சொல்கிறேன், பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. கூத்து அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது.

இத்தனை வருஷப் பழக்கம் கால்களை விடவில்லை. மறுநாள் விடியற்காலையில் மனைவி குளித்துவிட்டு நேரே அந்த மூலைக்குப் போய்க் கூண்டுக்குமேல் செம்பருத்திப் பூ வைத்தாள். கிளி அதை உள்ளே இழுத்துத் தின்றது. நானும் அலுவலகம் கிளம்புமுன் கண்ணை மூடி நின்றேன். அந்த வாரம் பார்லிமென்ட் கேள்வி ஒன்றுக்கு நாங்கள் பதில் தயாரிக்க வேண்டியிருந்தது. எந்தச் சிக்கலும் வராமல் போய்ச் சேர வேண்டும் என்று மூன்று நாள் மனமுருகி வேண்டிக்கொண்டேன். மூன்றாம் நாள் "ஸ்டெப் எங்க?" என்று அசரீரி கேட்டது. கண்ணைத் திறந்தால் எதிரே மூக்கு! வேடிக்கை என்னவென்றால் பதில் ஒரு திருத்தமும் இல்லாமல் போய்விட்டது.

அதை நான் எதிர்வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டியிடம் சொல்லியிருக்கக் கூடாது. செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போய் வரும்போதெல்லாம் எங்கள் சாமி மூலையிலும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகிறவர் அவர். இப்போது தினமும் நாலு பாதாம் பருப்போடு வர ஆரம்பித்தார். கிளி அதட்டினால் தலையைக் குனிந்து ஏற்றுக்கொள்வார். அவருக்கும் அவருடைய மருமகளுக்கும் சமாதானம் ஆனதற்குக்கூட இதுதான் காரணம் என்று காலனியில் பேச்சு அடிபட்டது. ஊதுபத்தி மட்டும் வேண்டாம் ஜி, புகை ஆகாது என்று நான் வாசலிலேயே நின்று தடுக்க வேண்டியிருந்தது.

கிளிக்காக வீட்டில் என்னென்ன நடந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஒட்டாத தோசைக்கல்லின் ஆவி பறவைக்கு விஷம் என்று அதைத் தூக்கி எறிந்து, மனைவி இரும்புக் கல்லோடு மல்லுக்கட்டினாள். சாயங்காலம் ஏழு மணிக்கு ஹாலில் விளக்கு அணைந்துவிடும். டிவியை ஓசையில்லாமல் ஓடவிட்டு, யார் யாரைத் திட்டுகிறார்கள் என்று நாங்களே ஊகித்துக்கொண்டோம். அக்கா பேப்பர் படிக்க அடுக்களையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வாள். குக்கர் விசில் வந்தால் நகர்ந்து உட்காருவாள். வசதியாக இருக்கிறதா என்று கேட்டேன். எனக்கென்னலே, ராசா நல்லா இருந்தாச் சரி என்றாள். அந்தப் பதிலை நானும் அப்படியே வாங்கி வைத்துக்கொண்டேன்.

இரண்டாவது மாதம் கிளியின் மார்பில் முள் முள்ளாக எதுவோ தெரிந்தது. புது இறகு! டாக்டர் பார்த்துவிட்டு என் முதுகில் தட்டினார். இது இனி உங்கள் வீட்டுப் பறவை என்றார். பதவி உயர்வு வந்தபோதுகூட நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. மனைவி சேமியாப் பாயசம் வைத்தாள். அக்கா இரண்டு டம்ளர் குடித்தாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு படுத்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பல் தேய்த்துவிட்டு வந்தால் அக்கா வெளியே போகிற சேலையில், கையில் பையோடு வாசலில் நிற்கிறாள்.

"எங்கக்கா, கோயிலுக்கா?"

"ரூமுக்குல. ராசா இங்க நல்லா ஒட்டிக்கிட்டாம்லா. இனி எனக்கு அவனப் பத்திக் கவலயில்ல. ரெண்டு நாளைக்கு ஒருக்க வந்து பாத்துக்கிடுதேன்."

"அவன் ஒட்டிக்கிட்டா இருப்பேன்னு நீதானக்கா சொன்ன!"

"சொன்னேன். அவன் ஒட்டிக்கிட்டான்" என்றாள். "என்னாலதாம்ல முடியல."

வந்ததே எனக்கு ஆத்திரம்! "ரெண்டு மாசமா நாயா அலைஞ்சது யாருக்காக? டிவி சத்தங்கூட இல்லாமக் கெடக்கோம். சாமியவே தூக்கி வச்சேன், சாமிய! இதுக்கு மேல இந்த வீட்டுல உனக்கு என்னதான் வேணும்? வாயத் தொறந்து சொன்னாத்தான தெரியும்!"

மனைவி அடுக்களையிலிருந்து கரண்டியோடு வந்து நின்றாள். அக்கா பையைக் கீழே வைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வலிக்கிற காலை மாற்றினாள். கோபமாகவெல்லாம் சொல்லவில்லை. கேட்கலாமா கூடாதா என்று தெரியாதவள்போல் மெதுவாகத்தான் சொன்னாள்.

"ஒரு கதவு வேணும்ல. உள்ளருந்து தாப்பா போடுத மாதிரி. வந்த நாள்லருந்து பாத்ரூம்லதான் நின்னுக்கிட்டுச் சேல மாத்துதேன். அழணும்னாலும் அங்கதான் போவேன். அதுக்குள்ள யாராவது தட்டிருதீங்க."

அக்கா அழுவாள் என்பதே எனக்குத் தெரியாது. மனைவி கரண்டியை மேஜைமேல் வைத்துவிட்டு வந்து பையை எடுத்துக்கொண்டாள். மறு கையால் அக்காவின் முழங்கையைப் பிடித்தாள். "வாங்க மதினி" என்று மட்டும் சொல்லி மகளின் அறைக்குக் கூட்டிப்போனாள். நான் பின்னாலேயே போய், சாமி படங்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே கொண்டுவந்தேன். எங்கே வைப்பது என்று அப்போது யோசிக்கவில்லை. மனைவி பையைக் கட்டில்மேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

அக்கா அறை நடுவில் நின்று கட்டிலைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். பிறகு கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. மத்தியானம்வரை அவள் திறக்கவில்லை. நாங்களும் தட்டவில்லை.