லைனுக்குப் போனவரும் லைனில் இருந்தவரும்

போன வாரம் சேலம் பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் கேட்டார். "சார் என்ன லைன்ல இருக்கீங்க?"

எழுத்து என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதெல்லாம் ஒரு லைனுங்களா?" என்றவர், ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்கிப் போனார்.

கோபம் வந்தது. வந்து என்ன செய்ய? வீட்டுக்கு வந்ததும் இங்கிலீஷ் டிக்‌ஷனரியை எடுத்து 'லைன்' என்ற வார்த்தையைத் தேடினேன். அம்மாடி! ஒரு பக்கம் முடிந்து அடுத்த பக்கத்திலும் ஓடுகிறது. கோடு, கயிறு, வரிசை, ரயில் பாதை, வம்சம், தொழில், நெற்றிச் சுருக்கம்... நாடகத்தில் நடிகர் பேசும் வசனம்கூட லைன்தானாம். ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு இத்தனை பேர் பிழைத்திருக்கிறார்கள்!

ஆனால், அதை எழுதிய புண்ணியவான் தர்மபுரிப் பக்கம் வந்ததில்லை என்று நினைக்கிறேன். வந்திருந்தால் இன்னும் அரைப் பக்கம் சேர்த்திருப்பார்.

எண்பதுகளில் நான் தர்மபுரியில் குடியிருந்தது லைன் வீட்டில். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஆறு வீடுகள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய். கரண்ட் கம்பி அறுந்தால் ஏணியோடு வருபவர் லைன்மேன். காலேஜ் பையன் ஒருத்தன் தினமும் ஒரே பெண்ணுக்காக பஸ் ஸ்டாண்டில் நின்றால், அவன் லைன் அடிக்கிறான். அவளே ஒருநாள் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டால்... லைன் கிளியர்!

மூன்றாவது வீட்டு ஆரோக்கியசாமி மாதத்தில் பாதி நாள் கண்ணில் படமாட்டார். எங்கே என்று கேட்டால் அவர் மனைவி லூர்து மேரி சொல்வாள், "அவரு லைனுக்குப் போயிருக்காருங்கண்ணா."

ஆரோக்கியசாமி லாரி டிரைவர். லோடு ஏற்றிக்கொண்டு வெளி மாநிலம் போவதற்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர்.

அப்படி அவர் கர்நாடகாவில் இருக்கும் தாவணகெரேவுக்குப் புளி லோடு கொண்டு போயிருந்தபோது, நல்லம்பள்ளிப் பக்கம் சோளக் காட்டில் வேலையாக இருந்த அவருடைய அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார். பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். மறுநாள் காலையில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பையனை வரச் சொல்லிடுங்க" என்றார். பெரியவரும் கண் விழிக்கும்போதெல்லாம் மகனைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

செல்போனா இருந்தது அப்போது? வீட்டு ஓனரிடம் ஒரு கறுப்பு போன் இருந்தது. தாவணகெரே லாரி புக்கிங் ஆபீஸுக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் புக் பண்ணிவிட்டு, நானும் லூர்து மேரியும் அதன் முன்னால் உட்கார்ந்தோம். அவள் போனையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"விசயத்தைக் கேட்டா அழுதுக்கிட்டே வண்டி ஓட்டுவாருங்கண்ணா. அந்த ரோட்ல... அதான் எனக்கு பயமா இருக்குது."

மதியம் போன் அடித்தது. ஆபரேட்டர் அம்மாள். அந்தக் காலத்தில் நாங்கள் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்த ஜாதி அது. எப்போது கேட்டாலும் 'லைன் பிஸி' என்பார்கள். எதிர்த்துக் கேட்டால் டொக்கென்று வைத்துவிடுவார்கள்.

"உங்க டிரைவர் ஆபீஸ்ல இல்லீங்க. மண்டியில லோடு இறக்கிட்டு இருக்காராம். லைன்லயே இருங்க, பாக்கறேன்."

அடுத்து நடந்ததுதான் ஆச்சரியம். தாவணகெரே ஆபரேட்டரிடம் அந்த அம்மாள் கன்னடத்தில் பேச ஆரம்பித்தார். "மேடம், ஸ்வல்ப நோடி மேடம்... தும்பா அர்ஜென்ட்!" கொஞ்சம் பாருங்கள், ரொம்ப அவசரம் என்று கெஞ்சுகிறார். ஒரு மண்டியில் இல்லை என்றார்கள். இன்னொரு மண்டி. அங்கேயும் இல்லை. நாங்கள் புக் பண்ணியது ஒரே ஒரு நம்பர்தான். "இல்லீங்க" என்று சொல்லி வைத்திருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? மூன்றாவது மண்டியில் ஆரோக்கியசாமி கிடைத்தார்.

நான் பெரிய மனுஷன் மாதிரி போனில் கத்தினேன். "அப்பாவுக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லப்பா. உடனே கிளம்பி வா!"

எதிர்முனையில் கொரகொரவென்று ஏதோ கேட்டது. ஒன்றும் புரியவில்லை. நடுவில் ஆபரேட்டர் அம்மாள் குரல். "லைன் வீக்கா இருக்குதுங்க. அவர் பேசறது எனக்குக் கேக்குது, நான் சொல்றேன்." கொஞ்சம் தயங்கினார். "எப்ப அடக்கம்னு கேக்கறாருங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். வெளியூரில் இருப்பவரிடம் நாம் எப்போதாவது சாவை நேராகச் சொல்லியிருக்கிறோமா? 'உடம்பு சரியில்லை, கிளம்பி வா' என்போம். கேட்பவரும் புரிந்துகொண்டு துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு கிளம்புவார். நல்ல மனதோடு சொல்கிற பொய்தான். ஆனால், நிஜமாகவே உடம்பு சரியில்லாதபோது என்ன சொல்வது?

"உயிரோடதாம்பா இருக்கார்! சத்தியமா!" என்று அலறினேன்.

"நம்ப மாட்டேங்கறாருங்க" என்றார் ஆபரேட்டர். "'கூட இருந்த டிரைவருங்களுக்கு நானே இப்படி எத்தனை தடவை சொல்லியிருக்கேன், எனக்கேவா'ன்னு கேட்டு அழுவறாரு."

லூர்து மேரி என்னிடமிருந்து போனைப் பிடுங்கினாள். என்ன சொல்லி நம்ப வைப்பது என்று தெரியாமல் அவளும் அழ ஆரம்பித்துவிட்டாள். ஒரு டிரங்க் காலுக்கு உண்டான மூன்று நிமிடம் எப்போதோ முடிந்திருக்கும். ஆபரேட்டர் கட் பண்ணவில்லை.

"அழாதீங்கம்மா. பெரியவரு கடைசியா உங்ககிட்ட என்ன பேசினாரு? அப்படியே சொல்லுங்க."

"அது... இன்னிக்குக் காலையில திட்டினாருங்க."

"என்னன்னு திட்டினாரு? ஒரு வார்த்தை விடாம சொல்லுங்க."

லூர்து மேரி என்னைப் பார்த்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள். "அந்தத் திருட்டு மொட்டையன் என் பேட்டரி லைட்டைத் தூக்கிட்டுப் போயிட்டான், வரட்டும், தோலை உரிக்கறேன்னாருங்க."

ஆபரேட்டர் அம்மாள் சிரிக்கவில்லை. தந்தி வாசிப்பது போல நிறுத்தி நிதானமாக, திருட்டு மொட்டையனில் தொடங்கித் தோலை உரிப்பது வரை ஒரு வார்த்தை குறையாமல் தாவணகெரேவுக்குச் சொன்னார்.

எதிர்முனையில் மறுபடியும் கொரகொரவென்று ஏதோ கேட்டது.

"சிரிக்கறாருங்க" என்றார் ஆபரேட்டர். இப்போது அவர் குரலும் இளகியிருந்தது. "சீட்டுக்கு அடியிலதான் லைட் இருக்குதாம். மொட்டையன்னு அவங்க அப்பாவைத் தவிர யாரும் கூப்பிட மாட்டாங்களாம். டீ சாப்புட்டுட்டு மெதுவா கிளம்பறேன்னு சொல்லச் சொன்னாரு. மெதுவாவே வாங்கன்னு நானும் சொல்லிட்டேன்."

சொல்லுங்கள், இது எந்த ரூல் புத்தகத்தில் இருக்கிறது? முகம் தெரியாத ஒரு குடும்பத்தின் பயத்தைக் காதில் மாட்டிக்கொண்டு, அதற்கு வழியும் கண்டுபிடித்த அந்தப் பெண்மணியை நினைத்தால் எனக்கு இன்றும் எழுந்து நின்று கும்பிடத் தோன்றுகிறது.

மறுநாள் காலையில் ஆரோக்கியசாமி லாரியை ஆஸ்பத்திரி ரோட்டிலேயே நிறுத்திவிட்டு உள்ளே ஓடினார். பெரியவர் மகன் முகத்தைத் தடவிப் பார்த்தார். அப்புறம் லைட்டை வாங்கி சுவிட்சை அமுக்கினார். எரியவில்லை. "பேட்டரிக் கட்டையைத் தீத்துட்டியேடா!"

நான் வீடு திரும்பியபோது ஓனர் வீட்டுக் கறுப்பு போன் அடித்துக்கொண்டிருந்தது. எடுத்தேன்.

"எக்ஸ்சேஞ்ச்லருந்து பேசறேங்க. டிரைவரு பத்திரமா வந்து சேந்துட்டாருங்களா?"

நாங்கள் யாரும் புக் பண்ணாமல் அந்த போனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்து வந்த ஒரே கால் அதுதான்.