இரண்டாவது பிளாக்கில் எழுந்து நின்றவர்

1. பட்டியல்

பதவியேற்பு முடிந்த மறுநாள், செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு, சட்டப்பேரவைச் செயலகத்தில் ஒரு தாள் கொடுத்தார்கள். கட்சிவாரியாக உறுப்பினர் எண்ணிக்கை. மேலிருந்து கீழே படித்தேன். பிறகு கீழிருந்து மேலே படித்தேன். எங்கள் கட்சியின் பெயர் அதில் இல்லை.

நான் சங்கரன்கோவிலில் ஒரு வக்கீல் ஆபீசில் பத்தொன்பது வருடம் டைப்பிஸ்டாக இருந்தவன். சேர்மத்துரை அண்ணாச்சி எம்.எல்.ஏ. ஆனதும் அவருக்கு பி.ஏ.வாகப் போனேன். அண்ணாச்சி எங்கள் ஊர்ப் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடைக்காரர். குடியிருப்பு இங்கே, ஜெயித்த தொகுதி வேறு. அந்தத் தொகுதியின் பெயரையும் வருடத்தையும் கட்சிகளின் பெயர்களையும் நான் எழுதப்போவதில்லை. என் டைரியில் கிழமை, தேதி, மணி எல்லாம் இருக்கின்றன. ஆனால் இதில் சம்பந்தப்பட்டவர்கள் இன்றும் நடமாடிக்கொண்டிருக்கிறார்கள்.

எங்களுடையது சின்னக் கட்சி. கூட்டணியில் மூன்று தொகுதி கிடைத்தது. மூன்றிலும் பெரிய கட்சியின் சின்னத்தில்தான் நிற்க வேண்டும் என்பது நிபந்தனை. நம் மாநிலத்தில் இது பழகிப்போன ஏற்பாடு. புதிதாக ஒரு சின்னத்தை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்க்கப் பிரசார நாட்கள் போதாது. பெரிய கட்சியின் சின்னமோ எல்லாச் சுவரிலும் ஏற்கெனவே இருக்கிறது. அண்ணாச்சி அதற்குமுன் மூன்று தேர்தலில் கட்சியின் சொந்தச் சின்னத்தில் நின்று தோற்றவர். இந்த முறை மூன்று பேரும் ஜெயித்தார்கள். மூவரில் ஒருவர் எங்கள் தலைவர்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பிரிவு அலுவலரிடம் போனேன். "சார், எங்க கட்சி விட்டுப்போச்சு" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றாமலே பார்த்தார். "விட்டுப்போகல. உங்க கட்சின்னு சபைக்குள்ள ஒண்ணு கெடையாது."

"மூணு பேர் ஜெயிச்சிருக்கோமே?"

"எந்தச் சின்னம்?"

சொன்னேன்.

"அப்ப அந்தக் கட்சியோட எண்ணிக்கையில உங்க மூணு பேரும் இருக்கீங்க. நேத்து கட்சி விவரம் கேட்டு ஒரு படிவம் கொடுத்தோமே, யார் பூர்த்தி பண்ணா?"

நான்தான். 'தேர்தல் அன்று சார்ந்திருந்த அரசியல் கட்சி' என்று ஒரு கட்டம் இருந்தது. வேட்புமனுவில் எப்படி இருந்ததோ அப்படியே பெரிய கட்சியின் பெயரை எழுதியிருந்தேன். அங்கீகாரக் கடிதம் கொடுத்தது அந்தக் கட்சிதான். மனு தாக்கலுக்கு முந்தின நாள் அண்ணாச்சிக்கு உறுப்பினர் அட்டை போட்டதும் அவர்கள்தான். வேறு எதை எழுதியிருந்தாலும் பொய். அண்ணாச்சி பதவியேற்கப் போகிற அவசரத்தில், என் முதுகில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். படிக்கவில்லை. நானும் படித்துக் காட்டவில்லை.

எம்.எல்.ஏ. ஹாஸ்டல் அறையில் விஷயத்தைச் சொன்னபோது அண்ணாச்சி சவரம் செய்துகொண்டிருந்தார். பாதிக் கன்னத்தில் சோப்புடன் திரும்பினார்.

"என்னவே சொல்லுதீரு? ஊருல நம்ம கொடியக் கட்டிக்கிட்டு நூறு பைக் வந்துச்சு. அந்தப் பயலுவகிட்ட நான் என்ன சொல்ல?"

"ஒண்ணும் சொல்லாண்டாம் அண்ணாச்சி. அவங்க இந்தப் பட்டியலப் பாக்க மாட்டாங்க."

"நான் பாத்துட்டம்லா" என்றார். அன்று மதியம் சாப்பிடவில்லை.

2. நாலு நிமிடம்

பேரவையில் பேசும் நேரம் கட்சிகளின் எண்ணிக்கையை வைத்துப் பிரிக்கப்படுகிறது. ஒரு கட்சிக்குக் கிடைக்கும் நேரத்தில் யார் பேசுவது என்று முடிவு செய்பவர் அந்தக் கட்சியின் கொறடா. வாக்கெடுப்பில் எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று உத்தரவு போடுபவரும் அவரே. குழுக்களுக்குப் பெயர் கொடுப்பதும் கட்சி வழியாகத்தான். இதையெல்லாம் நான் விதிப் புத்தகத்தில் படித்திருந்தேன். படிப்பது வேறு, கொறடாவின் அறை வாசலில் நிற்பது வேறு.

வேளாண்மை மானியக் கோரிக்கையில் பூ விவசாயிகளுக்காக அண்ணாச்சி பேச ஆசைப்பட்டார். விலை விழுந்த நாளில் மல்லிகையைக் குப்பையில் கொட்டாமல் இரண்டு நாள் வைத்துக்கொள்ள ஒரு குளிர்பதனக் கிடங்கு. அவருக்குத் தெரிந்த விஷயம். பதினான்கு நிமிடத்துக்கு உரை தயாரித்தோம். கெடிகாரம் வைத்து வாசித்துப் பார்த்தோம்.

கொறடா மரியாதையானவர். உட்காரச் சொல்லி டீ கொடுத்தார். "உங்க தலைவருக்கு நேத்து நேரம் கொடுத்துட்டேன். உங்க ஆளுங்களுக்குன்னு தனி நேரம் இல்ல. எங்க நூத்தி முப்பது பேருக்குள்ளதான் உங்களையும் பாக்கணும். நாலு நிமிஷம் தர்றேன்" என்றார்.

வெளியே வந்து அண்ணாச்சி சொன்னார்: "நாலு நிமிசத்துல ரெண்டு நிமிசம் அவங்க தலைவருக்கும் நம்ம தலைவருக்கும் வணக்கம் சொல்லவே போயிரும். மிச்சத்துல மல்லியப் பேசவா, பிச்சியப் பேசவா?"

மல்லிகையை மட்டும் பேசினார். நன்றாகப் பேசினார். மூன்றாம் மாதம் கிடங்குக்கு இடம் பார்க்க அதிகாரிகள் வந்தார்கள். கூட்டணியில் பங்கு என்பதும் இதுதான். சபைக் கணக்கில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். ஆனால் அமைச்சர் அறைக்கதவு திறக்கும். அண்ணாச்சி மெல்ல அதற்குப் பழகிவிட்டார். நானும்தான்.

3. வியாழக்கிழமை

இரண்டு வருடம் போன பிறகு கூட்டணி உடைந்தது. காரணங்கள் பத்திரிகையில் ஒன்றாகவும் உள்ளே வேறாகவும் இருந்தன. அதே சமயத்தில் பெரிய கட்சியிலும் ஒரு பிளவு. அரசு பெரும்பான்மையை நிரூபிக்க வேண்டியதாயிற்று. அடுத்த திங்கட்கிழமை நம்பிக்கை வாக்கெடுப்பு என்று அறிவித்தார்கள். எங்கள் தலைவர் டிவியில், "எங்கள் மூன்று உறுப்பினர்களும் எதிர்த்து வாக்களிப்பார்கள்" என்றார்.

வியாழக்கிழமை மதியம் கொறடாவின் உத்தரவு பதிவுத் தபாலில் அண்ணாச்சியின் சங்கரன்கோவில் வீட்டுக்கு வந்தது. அரசை ஆதரித்து வாக்களிக்க வேண்டும் என்று நான்கு வரி. அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போகும்போது அரசியல் சட்டப் புத்தகத்தைக் கொண்டுபோனேன்; அதன் பத்தாவது அட்டவணைதான் கட்சித் தாவல் தடைச் சட்டம். அவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். மதினி என்றுதான் நான் கூப்பிடுவேன்.

"எதுத்துப் போட்டா என்ன ஆவும்?"

"பதவி போயிரும் அண்ணாச்சி."

"நான் வேற கட்சிலா?"

"ஒருத்தரை நிறுத்தின கட்சி எதுவோ அதுதான் அவரோட கட்சின்னு சட்டம் சொல்லுது. நம்மள நிறுத்துனது அவங்கதான்."

"போடாமலே இருந்துட்டா?"

"அதும் உத்தரவ மீறுனதுதான். பதினஞ்சு நாளைக்குள்ள அவங்க மன்னிச்சிட்டா போவாது."

"மன்னிப்பானுவளா?"

நான் பக்கத்தைப் புரட்டினேன். இன்னொரு விஷயமும் இருந்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் சின்னக் கட்சியின் விதிகளை அன்று காலைதான் முழுதாகப் படித்திருந்தேன். வேறு கட்சியில் உறுப்பினராகச் சேர்பவர் அந்த நிமிடமே நம் கட்சி உறுப்பினர் அல்ல என்று அதில் ஒரு வரி இருந்தது.

அதை அண்ணாச்சிக்கு வாசித்துக் காட்டினேன்.

"இருபத்தாறு வருசம். செவுத்துக்குச் செவுரு பசை தடவி போஸ்டர் ஒட்டுனவன் நான். அப்பம் நான் எந்தக் கட்சிலயும் இல்லையா வே?"

மதினி குறுக்கிட்டார். "கட்சியில இல்லாட்டா போவுது. பதவியில இருக்கீகளா இல்லையா, அதைப் பாருங்க. மூணு தடவ தோத்துட்டு வந்து ராத்திரியெல்லாம் முழிச்சுக் கெடந்தது நீங்களா, உங்க தலைவரா?"

"அதுக்காவ? தலைவரு டிவில மூணு பேருன்னு சொல்லியாச்சு. நான் மட்டும் மாத்திப் போட்டா நாளைக்கு மார்க்கெட்டுல என்னைய என்ன சொல்லுவான்?"

"மார்க்கெட்டுக்காரனா உங்களுக்கு ஓட்டுப் போட்டான்? அவன் என்ன வேணும்னாலும் சொல்லட்டும்."

அப்போது தலைவரே போனில் வந்தார். அண்ணாச்சி ஸ்பீக்கரில் போட்டார். "சேர்மத்துரை, லெட்டர் வந்துச்சா? எனக்கும் வந்துருக்கு. கிழிச்சுப் போடுங்க. எதிர்த்துத்தான் ஓட்டு. மூணு பேரும்" என்றார் தலைவர். குரலில் தயக்கமே இல்லை.

"சரிங்க தலைவரே" என்றார் அண்ணாச்சி.

மதினி எழுந்து உள்ளே போய்விட்டார். வெள்ளிக்கிழமை பொதிகை எக்ஸ்பிரசில் நாங்கள் சென்னைக்குக் கிளம்பினோம்.

4. தலை எண்ணிக்கை

திங்கட்கிழமை பார்வையாளர் மாடத்தில் எனக்கு இடம் கிடைத்தது. குரல் வாக்கெடுப்பு முடிந்ததும் எதிர்க்கட்சியினர் டிவிஷன் கேட்டார்கள். தலைகளை எண்ணுவது. சபையைப் பிளாக் பிளாக்காகப் பிரித்திருந்தார்கள். ஒவ்வொரு பிளாக்கிலும் முதலில் ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்க வேண்டும், பிறகு எதிர்ப்பவர்கள், பிறகு நடுநிலை. பேரவைச் செயலாளர் எண்ணிக் குறித்துக்கொள்வார்.

அண்ணாச்சி இரண்டாவது பிளாக்கில் இருந்தார். தலைவர் நான்காவது பிளாக். எங்கள் மூன்றாவது உறுப்பினர் ஐந்தாவது பிளாக்.

இரண்டாவது பிளாக்கில் ஆதரிப்பவர்களை எழச் சொன்னபோது அண்ணாச்சியின் முன்னும் பின்னும் இருந்த எல்லோரும் எழுந்தார்கள். அவர் மட்டும் உட்கார்ந்திருந்தது மேலிருந்து பார்க்கப் பள்ளம் போலத் தெரிந்தது. பக்கத்தில் நின்றவர் குனிந்து அவர் தோளைத் தொட்டு ஏதோ சொன்னார். அண்ணாச்சி மாட்டேன் என்று தலையாட்டிவிட்டார். பிறகு அவர்கள் உட்கார்ந்தார்கள். எதிர்ப்பவர்கள் எழலாம் என்றதும் அண்ணாச்சி எழுந்தார். அந்தப் பிளாக்கில் ஒரே ஒருவர். வேட்டியைச் சரிசெய்துகொண்டு, கையைக் கட்டாமல் நேராக நின்றார். எதிர்க்கட்சி வரிசையில் மேசையைத் தட்டினார்கள். மணி பன்னிரண்டு ஏழு.

மூன்றாவது பிளாக் முடிந்தது. நான்காவது பிளாக்கில் ஆதரிப்பவர்களை எழச் சொன்னார்கள்.

எங்கள் தலைவர் எழுந்து நின்றார்.

நான் தவறாகப் பார்க்கிறேன் என்று நினைத்தேன். முறை தெரியாமல் எழுந்துவிட்டார், இப்போது உட்கார்ந்துவிடுவார் என்று காத்திருந்தேன். அவர் ஐந்து முறை எம்.எல்.ஏ. ஆனவர், முறை தெரியாதவர் அல்ல. செயலாளர் எண்ணி முடிக்கும்வரை நின்றார். ஐந்தாவது பிளாக்கில் எங்கள் மூன்றாவது உறுப்பினரும் ஆதரிப்பவர்களோடு எழுந்தார்.

அண்ணாச்சி திரும்பிப் பார்த்ததை நான் மேலிருந்து பார்த்தேன். அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. கழுத்து திரும்பிய நிலையிலேயே வெகுநேரம் இருந்தது.

அரசு தப்பித்தது. அண்ணாச்சியின் ஓட்டு எந்தப் பக்கம் விழுந்திருந்தாலும் தப்பித்திருக்கும்.

தலைவரைத் தாழ்வாரத்தில் பிடித்தோம். நான்தான், "தலைவரே, எதிர்த்துன்னு சொன்னீங்களே" என்றேன்.

தலைவர் அண்ணாச்சியைப் பார்த்தார். அந்த முகத்தில் இருந்தது குற்ற உணர்ச்சி அல்ல, ஆச்சரியம். "யோவ், அது வெளிய சொல்றதுக்குய்யா. போன்ல யார் யார் கேக்குறாங்களோ, அதுல வேற என்ன சொல்ல முடியும்? பதவிய விட்டுட்டு வெளிய போனா நமக்கு யார் கதவத் தொறப்பா? நீங்க நெசமாவே எந்திரிப்பீங்கன்னு யார் நெனச்சா?"

அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. எங்களை ஏமாற்ற வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்த ஒன்று எங்களுக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்திருக்கிறார்.

5. பிறகு

பதினைந்து நாளில் மன்னிப்பு வரவில்லை. சபாநாயகர் முன்னால் விசாரணை நடந்தது. எங்கள் வக்கீல் அண்ணாச்சி வேறு கட்சிக்காரர் என்று வாதாடினார். எதிர்த்தரப்பு வக்கீல், பதவியேற்பு அன்று நான் பூர்த்தி செய்த படிவத்தை எடுத்து வாசித்தார். "இது உங்கள் கையெழுத்தா?" என்று கேட்டார். "ஆமா" என்றார் அண்ணாச்சி. தொகுதி காலி என்று உத்தரவு வந்தது.

அண்ணாச்சி பூக்கடைக்குத் திரும்பினார். ஒருநாள் ஏலம் முடிந்த நேரத்தில் போனேன். ஈரச் சாக்கின்மேல் உட்கார்ந்து வெறும் டீ குடித்துக்கொண்டிருந்தார். படிவத்தை வாசித்துக் காட்டாதது என் தப்பு என்று சொல்லத்தான் போனேன். அவர் கையமர்த்தினார்.

"அத விடும். உம்மகிட்ட ஒண்ணு சொல்லுதேன், வேற யாருக்கும் தெரியாது. ஊருல எல்லாரும் என்னைய கொள்கைக்காரன்னு சொல்லுதானுவ. அந்த வியாழக்கிழமை தலைவரு, 'பாத்து நடந்துக்கிடுவோம், பதவி முக்கியம்'னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நானும் ஆதரிச்சுத்தான் வே எந்திரிச்சிருப்பேன். அதாம் எனக்கு வெக்கமா இருக்கு."

நான் அதிர்ந்து போனேன். தலைவர் எழுந்து நின்றபோது அதிர்ந்ததைவிட அதிகம்.

அந்தக் கூட்டத்தொடரின் நடவடிக்கைக் குறிப்பு அச்சாகி வந்ததும் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து படித்தேன். விவாதம், வாக்கு எண்ணிக்கை எல்லாம் இருந்தன. பதவி நீக்க உத்தரவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தேன். அதில் அண்ணாச்சி 'தம் கட்சியின்' உத்தரவை மீறியவர் என்று இருந்தது. எந்தக் கட்சியின் பேச்சைக் கேட்டு அவர் பதவியை இழந்தாரோ, அதன் பெயர் அவர் சார்ந்த கட்சி என்று ஓரிடத்திலும் இல்லை.

பி.ஏ. வேலைக்கு வருகிற இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். விதிகளைப் படியுங்கள், தாள்களைப் பத்திரப்படுத்துங்கள், கையெழுத்துக்கு முன்னால் வாசித்துக் காட்டுங்கள். இவற்றில் முதல் இரண்டையும் நான் ஒழுங்காகச் செய்தேன். அது போதவில்லை. அந்த வியாழக்கிழமை தலைவர் ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தபோது சட்டப் புத்தகம் என் மடியில் விரிந்திருந்தது. கேட்க வேண்டிய கேள்வி அதில் இல்லை. "தலைவரே, நீங்க எப்படி ஓட்டுப் போடப்போறீங்க?" என்று ஒரு வரி. அது என் தொண்டைவரை வந்தது. பெரியவரிடம் அப்படிக் கேட்பது மரியாதை இல்லை என்று விழுங்கிவிட்டேன்.

கேட்டிருக்க வேண்டும். நீங்கள் கேளுங்கள்.